முட்டை மிதந்த மையம்

ராஜபாளையத்தில் மில் சங்கு காதில் விழுகிற தூரத்தில் ஓர் அங்கன்வாடி மையம் இருந்தது. அங்கே இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகள் கை கழுவினார்கள், பாட்டுப் பாடினார்கள், சோறு தின்றார்கள், பாயில் படுத்துத் தூங்கினார்கள். சாயங்காலம் அம்மாமார் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இது எவ்வளவு பெரிய குறை என்று அந்த இருபத்திரண்டு வருடமும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்த பிறகுதான் தெரிந்தது.

“மூன்று வயது நிறைவுற்ற எதிர்காலக் குடிமக்கள், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கும் இன்றி இதுநாள்வரை உணவருந்தி உறங்கி வருவது மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது” என்று அது ஆரம்பித்தது. நான்கையும் ஒவ்வொன்றாகச் சொன்னால் மூச்சு வாங்கும் என்பதால் ஆபீசில் சுருக்கமாக ‘ஸ்டெம்’ என்றார்கள். இனி எல்லா மையங்களிலும் ஸ்டெம் உண்டு. ஸ்டெம்முக்கு மார்க் உண்டு. கடைசிப் பத்தியில், எறும்பு ஊர்ந்தது மாதிரி சின்ன எழுத்தில், இன்னொன்றும் இருந்தது: “அறுபது மதிப்பெண்ணுக்குக் குறைவாகப் பெறும் மையங்கள் அருகமை மையத்துடன் இணைக்கப்படும்.”

மைய டீச்சர் ஏசம்மாள் அந்தப் பத்தியை மட்டும் மூன்று தடவை படித்தாள். அருகமை மையம் தென்காசி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. லாரியும் டிப்பரும் பஸ்ஸும் முந்தி முந்திப் பாய்கிற அந்த ரோட்டைப் பெரியவர்களே சிலுவை போட்டுக்கொண்டுதான் தாண்டினார்கள். இங்கே வருகிற பதினெட்டுப் பிள்ளைகளின் அம்மாமாரும் மில்லுக்கோ, காயத்துக்குக் கட்டுகிற மருந்துத் துணி நெய்கிற தறிக்கோ போகிறவர்கள்.

“அங்கன கொண்டுபோய் விட்டுட்டு நான் எப்பத் தறிக்குப் போறது டீச்சர்?” என்றாள் சுமையா. அவள் மகள் நௌஷீனுக்கு நாலு வயது. “அப்படி ஆச்சுன்னா இவளத் தறிக்குக் கீழதான் உக்கார வைக்கணும்.”

“அப்படி ஆகாது” என்றாள் ஏசம்மாள். ஆகாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் அன்று ஜெபத்தில் கேட்டாள்: “ஆண்டவரே, அறுபது மட்டும் குடும். அறுபத்தொண்ணுகூட வேண்டாம்.”

பயிற்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. ஒரு மண்டபத்தில் அறுபது டீச்சர்மார், முக்கால்வாசிப் பேருக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க மெல்வின் என்று ஒரு பையன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கழுத்தில் அட்டை, கையில் லேப்டாப், முகத்தில் தூக்கமில்லாத சுறுசுறுப்பு. ஆளுக்கு இருபது ஜூஸ் குழாய் கொடுத்துப் பாலம் கட்டச் சொன்னான். அறுபது பேரும் பாலம் கட்டினார்கள். கட்டிய பாலங்களை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்காகச் அங்கிருந்த ஓர் உதவியாளர் கூட்டித் தள்ளினாள்.

“ஒவ்வொரு குழந்தையும் பிறவி இன்ஜினியர்” என்றான் மெல்வின்.

வத்திராயிருப்பு டீச்சர் எழுந்தாள். “சார், எங்க மையத்துப் பிறவி இன்ஜினியர் ஒருத்தன் இன்னும் டவுசர்லயே போறான். அதுக்கு என்ன செய்யணும்?”

மெல்வின் கொஞ்சமும் சிரிக்கவில்லை. “அதுவும் ஒரு டேட்டாதான் மேடம். எத்தனை மணிக்குப் போறான்னு குறிச்சு வைங்க.”

டீச்சர்மார் குறித்துக்கொண்டார்கள்.

“குழந்தை கேள்வி கேக்கணும்” என்று அவன் தொடர்ந்தான். “ஒரு மையத்துக்கு ஒரு நாளைக்கு அஞ்சு புதுக் கேள்வி. குழந்தை கேட்ட உடனே செயலியில ஏத்திடணும். கேள்விதான் மேடம் அறிவியல். மத்ததெல்லாம் சாமான்.”

நல்ல வார்த்தையாகத்தான் ஏசம்மாளுக்குப் பட்டது. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். திரும்புகிறபோது பிள்ளைகளுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

முதலில் கோட்டு வந்து சேர்ந்தது. தெருமுனையில் புதிதாகத் திறந்த ஒரு ப்ளே ஸ்கூலில் மூன்று வயசுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுப் போட்டு வேனில் போவதைப் பார்த்து, அம்மாமார் எல்லாரும் “நம்ம பிள்ளைகளுக்கு அது கிடையாதா?” என்று கேட்டிருந்தார்கள். மேலிடம் அதற்குச் செவிசாய்த்து, ஆளுக்கு ஒன்றாகப் பதினெட்டு வெள்ளைக் கோட்டு அனுப்பியது. புதன்கிழமை காலை ஏசம்மாளும் உதவியாளர் சண்முகத்தாயும் பொத்தான் மாட்டி முடித்தார்கள். முடித்த அடுத்த நிமிஷம் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை நிமிர்ந்து பார்த்து வீறிட்டது. அதைப் பார்த்து அடுத்தது. வெள்ளைக் கோட்டு என்றால் ஊசி என்று மட்டும்தான் அதுகளுக்குத் தெரியும். பதினெட்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்து மூலைக்கு மூலை ஓடினார்கள்.

“நல்ல விஞ்ஞானிக” என்றாள் சண்முகத்தாய், மூக்குச் சிந்திவிட்டபடி.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. பூதக்கண்ணாடி, காந்தம், பல்சக்கரம், தானாக நடக்கிற ஒரு ரோபோ என்று உள்ளே நாற்பத்திரண்டு சாமான் இருப்பதாகப் பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது. கூடவே சூப்பர்வைசர் அப்ரோஸ் பேகமும் வந்தார். ஐம்பது மையத்துக்கு ஒரே ஆளாக ஸ்கூட்டியில் அலைகிறவர். பூட்டையும் அவரே கொண்டுவந்திருந்தார்.

“திறக்கலாமா மேடம்?” என்றாள் ஏசம்மாள்.

“திறந்தா சாமான் தொலையும் டீச்சர்.”

“திறக்காட்டி பிள்ளைக எப்படிப் படிக்கும்?”

“படிச்சுதான்னு நிரப்ப ஒரு பாரம் இருக்கு. சாமான் சேதமில்லாம இருக்கான்னு பாக்க ஒரு பாரம் இருக்கு. ரெண்டுலயும் மார்க் வேணும். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.” செத்த நேரம் பெட்டியைப் பார்த்துவிட்டு, “பெட்டியக் காட்டிப் பாடம் நடத்துங்களேன்” என்றார்.

அப்படியே நடந்தது. ஒரு வாரம் பிள்ளைகள் பெட்டி படித்தார்கள். பெட்டி எத்தனை சாண் என்று அளந்தார்கள்: கணிதம். ஏறிக் குதித்தார்கள்: பொறியியல். பூட்டை ஆட்டிப் பார்த்தார்கள்: தொழில்நுட்பம். கேள்வியும் கேட்டார்கள். பதினெட்டுப் பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: “டீச்சர், உள்ள என்ன இருக்கு?”

ஏசம்மாள் செயலியில் ஏற்றினாள். “இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது” என்று செயலி சொன்னது. மறுநாளும் அதையே சொன்னது. வாரக் கடைசியில் மார்க் நாற்பத்தொன்று.

அந்த வெயிலில் முட்டை வண்டி தாமதமாக வர ஆரம்பித்திருந்தது. சண்முகத்தாய் எப்போதும் முட்டையை அப்படியே வேகப் போடுகிறவள் இல்லை. வாளியில் தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே விடுவாள். அடியில் போய்ப் படுத்தால் பிள்ளைகளுக்கு. மேலே வந்து மிதந்தால் குப்பைக்கு. இதை அவளுக்கு யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை. சமைக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு முப்பது முட்டையில் ஏழு மிதந்தது. ஒன்றை உடைத்துக் கொட்டினதில் தெருநாய் வந்து மோந்து பார்த்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கிப் போனது.

நௌஷீன் வாளிப் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள். “இது ஏன் முங்கல?” என்றாள்.

“நாறிப்போச்சுட்டி அது. அதான் மேல வருது.”

“நாறுனா ஏன் மேல வருது?”

சண்முகத்தாய் யோசித்தாள். “டீச்சர், இங்கன வாங்க. இவ என்னமோ கேக்கா.”

ஏசம்மாள் வந்தாள். கேள்வியைக் காதில் வாங்கினாள். கையில் போன் இருந்தது. சும்மா ஏற்றிப் பார்த்தாள். செயலி பச்சையாய்ச் சிரித்தது. “வாழ்த்துகள். தலைப்பு: மிதத்தலும் மூழ்குதலும். மிதந்தவற்றின் எண்ணிக்கையை உள்ளிடவும்.” அவள் ஏழு என்று போட்டாள். நடந்தது அதுதான், அவள் பொய் எழுதுகிறவள் இல்லை.

அதற்கப்புறம் பிள்ளைகள் வாளியை விட்டு நகரவே இல்லை. எந்த முட்டை முங்கும், எது மிதக்கும் என்று முன்னாலேயே சொல்லிப் பந்தயம் வைத்தார்கள். குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டார்கள். ‘சின்ன முட்டை நாறுமா? கோழிக்குத் தெரியுமா? வாளிக்கு வலிக்குமா?’ என்று தினம் அஞ்சுக்குப் பத்துக் கேள்வி. மிதந்தது அடுத்த வாரம் எட்டு, அதற்கடுத்து பதினொன்று. மார்க் ஐம்பது, ஐம்பத்தேழு, அறுபத்து மூன்று. கேட்டதற்கு மேலே மூன்று கொடுத்துவிட்டாரே என்று ஏசம்மாள் ஆண்டவருக்குக் கூச்சத்தோடு நன்றி சொன்னாள்.

எண்ணெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து மேலே போய், ஒரு பெரிய திரையில் கோடாக ஏறி நின்றது. கோட்டுக்கு அடியில் ‘மிதத்தல் விகிதம்’ என்று எழுதியிருந்தது. எதனால் மிதக்கிறது என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. திட்ட அதிகாரி உக்கிரபாண்டி ஆய்வுக் கூட்டத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தார். ஏறுகிற கோடு எது என்றாலும் அவருக்குப் பிடிக்கும்.

“ஏழு, எட்டு, பதினொண்ணு. ஒரு சின்ன மையம் இம்புட்டு மிதக்க வைக்குது. மத்த மையமெல்லாம் என்ன செய்யுது?” என்றார்.

மிதப்பது கெட்ட முட்டை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று எல்லாரும் நினைத்தார்கள். நம்மிடம் விவரம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்களே என்று அவர் நினைத்தார். கூட்டம் சிறப்பாக முடிந்தது.

வ. புதுப்பட்டி டீச்சருக்கு மெமோ போனது: “தங்கள் மையத்தில் தொடர்ந்து மூன்று வாரங்களாக அனைத்து முட்டைகளும் மூழ்கியது குறித்து உரிய விளக்கம் அளிக்கவும்.”

“ஐயா, எங்கள் மையத்துக்கு வந்தவை நல்ல முட்டைகள்” என்று அவள் பணிவுடன் எழுதினாள்.

“முட்டையின் தரம் குறித்து இவ்வலுவலகம் வினவவில்லை” என்று பதில் வந்தது.

அன்றைக்கு மத்தியானமே அவள் ஏசம்மாளுக்குப் போன் போட்டாள். “அக்கா, எத்தனை நாள் வச்சா மிதக்கும்?”

“ஏட்டி, மிதந்தா அது கெட்டுப்போன முட்டைடி.”

“தெரியும்க்கா. எட்டு முட்டைய அதுக்குன்னே தகரக் கூரைக்கு அடியில வெக்கையில வச்சிருக்கேன். பிள்ளைகளுக்கு இல்ல. ஆபீசுக்குத்தான்.”

ஒரே மாதத்தில் வட்டாரம் முழுக்க மிதத்தல் தலைதூக்கியது. இதில் எல்லா மையத்துக்கும் பொதுவாகப் பங்காற்றியவர் யார் என்று மேலிடம் ஆராய்ந்தது. முட்டை சப்ளை செய்கிற கான்ட்ராக்டர் சமுத்திரம் என்று தெரிந்தது. ஆய்வுக் கூட்டத்தில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, “மழலையர் அறிவியலுக்கு ஆற்றிய அரும்பணிக்காக” என்று சான்றிதழ் கொடுத்தார்கள். சமுத்திரம், கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள் என்று மூன்று நாளாகப் பயந்துபோய் வந்தவர். சால்வை விழுந்ததும் கண் கலங்கிவிட்டது. அவர் தொழிலில் அவருக்கு யாரும் இதுவரை நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதிலும் ஏசம்மாள் மையத்தால்தான் இந்த மரியாதை என்று கேள்விப்பட்டார். மறுநாளிலிருந்து அந்த மையத்துக்கு மட்டும், அன்றன்றைக்கு இட்ட முட்டையாகப் பொறுக்கி, தானே கொண்டுவந்து இறக்கினார்.

சண்முகத்தாய் வாளியில் போட்டாள். முப்பதும் தொபுக்கென்று அடியில் போய்ப் படுத்தது.

“டீச்சர், அம்புட்டும் நல்ல முட்டை” என்றாள் வாயெல்லாம் பல்லாக. அப்புறம்தான் அவளுக்கும் உறைத்தது.

“செயலியில என்ன போடப் போறீய?” என்றாள்.

“முட்டை நல்லா இருக்கயில நாறுனதுன்னு எழுத எனக்குக் கை வராது சண்முகத்தாய்.” ஏசம்மாள் சைபர் போட்டாள். செயலி சிவந்தது. மறுநாளும் சைபர். அதற்கு மறுநாளும். மார்க் அறுபத்து மூன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது.

அப்ரோஸ் பேகம் போனில் வந்தார். “டீச்சர், சைபர் சைபரா வருது. என்னாச்சு?”

“முட்டை நல்லா இருக்கு மேடம்.”

“அதை எப்பச் சரி பண்ணுவீங்க?”

ஏசம்மாள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை உக்கிரபாண்டி சாரே நேர்ல வாராங்க. மிதக்கிறதப் பாக்கத்தான் வாராங்க. மிதந்தா உங்க மையம் முன்மாதிரி மையம். மிதக்கலைன்னா…” என்று நிறுத்தினார். அவரும் தாய்தான், மீதியைச் சொல்லவில்லை. “இணைப்பு ஆர்டர் டைப் அடிச்சு வச்சிருக்காங்க டீச்சர். தேதி மட்டும்தான் போடல.”

வெள்ளிக்கிழமை தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். அம்மாமார் எல்லாரும் ஒரு ஷிப்டை விட்டுவிட்டுப் பட்டுச்சேலையில் வந்தார்கள். பிள்ளைகள் கோட்டுக்குள் நின்றன. இப்போது அழுவதில்லை, பழகிவிட்டது. மெல்வின் காலையிலேயே ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்கினான். ஒரு முட்டையைப் போட்டுப் பார்த்தான். முங்கியது. ஏசம்மாளைப் பார்த்தான். அவள் ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

அவன் பேசாமல் எதிர்க்கடைக்குப் போய் தூள் உப்பு மூன்று பாக்கெட் வாங்கி வந்தான். தொட்டியில் கொட்டிக் கரண்டியால் கலக்கினான். மறுபடியும் அதே முட்டையைப் போட்டான். முட்டை தயங்கித் தயங்கி மேலே வந்து, மொட்டைத்தலை மாதிரி எட்டிப் பார்த்தது.

“இது ஏமாத்து இல்லையா தம்பி?” என்றாள் ஏசம்மாள், குரலைத் தாழ்த்தி.

“இல்லம்மா. இது டென்சிட்டி.”

“அதைச் சார்ட்ட சொல்லிருவோமா?”

மெல்வின் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். “சார் நல்ல மூடுல வாராரும்மா.”

அப்ரோஸ் பேகம் பக்கத்தில் வந்து தொட்டியைப் பார்த்தார். காலி உப்புப் பாக்கெட் மூன்றையும் பார்த்தார். அவற்றை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, “ஜன்னல் திரையைச் சரி பண்ணுங்க டீச்சர்” என்று மட்டும் சொன்னார். ஏசம்மாள் ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்து தென்காசி ரோட்டின் இரைச்சல் கேட்டது. திரையைச் சரி பண்ணினாள்.

உக்கிரபாண்டி பதினொரு மணிக்கு வந்தார். முதலில் பெட்டிக்கு மாலை போட்டார்கள். ரிப்பன் வெட்டி, பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கினார். போட்டோ எடுத்தார்கள். பதினெட்டுப் பேரும் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அதற்குள் மூடி இறங்கிப் பூட்டும் விழுந்துவிட்டது. “நாற்பத்திரண்டும் சேதமில்லாம இருக்கு” என்று அப்ரோஸ் பேகம் பாரத்தில் குறித்துக்கொண்டார்.

பிறகு தொட்டி. சண்முகத்தாய் ஒவ்வொரு முட்டையாக விட்டாள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. பதினெட்டும் மிதந்தது.

“நூறு சதவீதம்” என்றார் உக்கிரபாண்டி. கைதட்டல் பந்தல் தாண்டிக் கேட்டது. அம்மாமார் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பிள்ளைகள் மட்டும் கைதட்டவில்லை. அதுகளுக்குத் தெரிந்த அறிவியல்படி இன்றைக்கு வந்த முட்டை அத்தனையும் நாறிப்போனது. ரெண்டு பேர் குப்பைக் கூடையை எடுத்துவரப் போனார்கள்.

“ஏன் தண்ணி கலங்கலா இருக்கு?” என்றார் உக்கிரபாண்டி.

“குழாய்த் தண்ணி சார்” என்றான் மெல்வின்.

இந்த நேரத்தில் நௌஷீன் எழுந்தாள். தொட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காதுப் பக்கம் வைத்துக் குலுக்கினாள். ஒன்றும் ஆடவில்லை. முகத்தைச் சுளித்தாள். கை கழுவுகிற வாளிக்குப் போய் அதை உள்ளே விட்டாள். அது அடியில் போய்ப் படுத்தது. எடுத்துவந்து தொட்டியில் விட்டாள். மிதந்தது. மறுபடி வாளி. முங்கியது. மறுபடி தொட்டி. மிதந்தது. அத்தனை பெரிய மனிதர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை விளையாடுகிறது என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். வாளியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

நேரே ஏசம்மாளிடம் வந்து முந்தானையை இழுத்தாள். “டீச்சர், ஒரே முட்டை இங்கன முங்குது, அங்கன மிதக்குது. அந்தத் தண்ணி கரிக்குது. யாரு உப்புப் போட்டா?”

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் பக்கத்தில் நின்ற மெல்வினுக்குக் கேட்டது. அப்ரோஸ் பேகத்துக்குக் கேட்டது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். சுமையாவுக்குக் கேட்டது. அவள் கை தானாக வாயைப் பொத்தியது. எல்லாரும் ஏசம்மாளைப் பார்த்தார்கள்.

ஏசம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் மையத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விகளிலேயே உசத்தியான கேள்வி அதுதான். அந்தக் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது. கொடுத்தால், அடுத்து என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. தேதி போடாத ஆர்டர் தெரிந்தது. டிப்பர் லாரி தெரிந்தது. தறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற இதே நௌஷீன் தெரிந்தாள்.

“பாப்பா என்ன கேக்குது?” என்றார் உக்கிரபாண்டி.

“பசிக்குதாம் சார்” என்றாள் ஏசம்மாள்.

பிறகு மெல்வின் மூச்சு விட்டான். அப்ரோஸ் பேகம் கைப்பையைத் தளர்த்தினார். “ஆமா சார், காலையிலயே ஒண்ணும் திங்காம வந்துட்டா” என்றாள் சுமையா, மகளைப் பெற்றவள். நௌஷீன் அம்மா முகத்தையும் டீச்சர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பசிக்குதுன்னு சொல்ற குழந்தை ஆரோக்கியமான குழந்தை” என்றார் உக்கிரபாண்டி. “இந்த முட்டையையே அவிச்சுக் குடுங்க. பிள்ளைக சாப்பிடுறத ஒரு படம் எடுத்துருவோம்.”

முட்டை வேகிற நேரம் வரைக்கும் அவர் பேசினார். கேள்வி கேட்கும் தலைமுறை ஒன்று உருவாகிவிட்டது என்றார். முட்டை வெந்தது. பிள்ளைகள் வாயை இறுக மூடிக்கொண்டன. “மிதந்த முட்டை வேண்டாம்மா, நாறும்” என்று ஒவ்வொன்றும் கெஞ்சியது. “சார் பாக்காருல்ல, வாயத் தெற” என்று பதினெட்டு அம்மாமாரும் தாடையைப் பிடித்து ஊட்டினார்கள். முட்டை ஒன்றும் நாறவில்லை. வாசமாக, நல்ல முட்டையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அதை மென்றுவிட்டு, எதை நம்புவது என்று தெரியாமல் விழித்தன. படம் அருமையாக வந்தது.

மார்க் தொண்ணூற்று நாலு. இணைப்பு ஆர்டரை அங்கேயே கிழித்தார்கள். “கேள்விகளை ஊக்குவிக்கும் தலைசிறந்த மையம்” என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் கரும்பலகைக்கு மேலே ஏறியது. சுமையா ஏசம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லா இருப்பீய டீச்சர்” என்று அழுதாள். அன்றைக்கு ஜெபத்தில் ஏசம்மாள் நன்றி சொல்ல உட்கார்ந்தாள். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் சண்முகத்தாய் வழக்கம்போல வாளியில் முட்டையை விட்டாள். எல்லாம் முங்கியது. ஒன்று மட்டும் முழுசாக முங்கவும் இல்லை, மிதக்கவும் இல்லை. அடியில் குத்தவைத்த மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. இப்படி ஒன்றை அந்தப் பிள்ளைகள் இதுவரை பார்த்ததில்லை. நௌஷீன் குனிந்து பார்த்தாள். மற்றதுகளும் சுற்றி வந்து பார்த்தன. ஒரு சத்தம் இல்லை.

அஞ்சு கேள்விக்கான கட்டம் காலியாக இருந்தது. ஏசம்மாள் போனைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவளே பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஏட்டி நௌஷீன், அது ஏன் அப்படி நிக்குதுன்னு ஒண்ணும் கேக்கலையாட்டி?”

நௌஷீன் முட்டையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“எனக்குப் பசிக்கல டீச்சர்.”